கல்லறையிலிருந்து தொடங்கும் பாடம்

ஒரகடம், ஞாயிறு, பகல் 1.20. வாலாஜாபாத் பஸ்ஸைக் காணோம். சாலையோரத் தகரக் கூரை ஜெபவீட்டின் நிழலில் நிற்கிறேன். உள்ளே போய் உட்கார மனம் வரவில்லை. உள்ளே பன்னிரண்டு பிள்ளைகள். அவர்களுக்குப் பின்னால் கம்பெனிச் சீருடையில் ஐந்து பெரியவர்கள். பாடம் நடத்தும் பெண்ணும் சீருடையில்தான் இருக்கிறார். 1.40க்கு அவர்களுடைய ஷிப்ட் வண்டி வந்துவிடும்.

எடுத்த எடுப்பில் அவர், "கல்லறை காலி! இயேசு எழுந்துட்டாரு!" என்கிறார்.

"இன்னா டீச்சர், ஜெபம்கூட பண்ணாம நேரா கல்லறைக்கே பூட்டீங்க?" என்று பின்வரிசையில் ஒருவர் சிரிக்கிறார்.

பிள்ளைகளை ஒரு பாட்டுப் பாடச் சொல்லிவிட்டு, வண்டி வருகிறதா என்று பார்க்க வாசலுக்கு வருகிறார். ஏன் இத்தனை அவசரம் என்று கேட்கிறேன்.

"போன வாரம் அவரைப் பொதைக்கிற வரைக்கும்தான் சொன்னேன் சார், வண்டி வந்துடுச்சு. பசங்க வாரம் பூரா அவரு செத்தே கெடக்காருன்னு அழுதுகினு இருந்துச்சுங்க. அதான் இன்னிக்கு மகிமைய மொதல்ல சொல்லிட்டேன்."

உள்ளே போய், எழுந்தவரின் கைகளில் ஆணித் தழும்பு இருந்ததைச் சொல்கிறார். 1.34. ஆறு நிமிடம் முன்னதாகவே ஹாரன் கேட்கிறது. பெரியவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

"டீச்சர், அது இன்னும் வலிக்குதா அவருக்கு?" என்று ஒரு சிறுமி எழுந்து நிற்கிறாள்.

டீச்சர் அதற்குள் வண்டியின் படிக்கட்டில். வண்டி நகர்கிறது. கம்பியைப் பிடித்தபடி வெளியே சாய்ந்து கத்துகிறார்:

"வலிக்கல பாப்பா! இனிமே வலிக்கவே வலிக்காது!"