நல்ல நிரலும் ரெண்டு லெட்சுமியும்

போன வாரம் இந்த இடத்தில் என் பத்தி வரவில்லை. 'உடம்புக்கு என்ன?' என்று மூன்று வாசகர்கள் விசாரித்திருந்தீர்கள். மூன்றே பேர்தானா என்று கொஞ்சம் வருத்தம்தான்... இருந்தாலும் நன்றி. உடம்புக்கு ஒன்றுமில்லை. அசிங்கப்பட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு ஒரு வாரம் பிடித்தது.

எப்படி என்று சொல்கிறேன்.

இரண்டு மாதங்களுக்கு முன்பு தினேஷ் போன் செய்தான். ஈப்போவில் தன் வீட்டு மேசையிலிருந்தபடியே சிங்கப்பூர் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறவன். முப்பத்திரண்டு வயது. பதவி, 'சொல்யூஷன் ஆர்க்கிடெக்ட்'. அதாவது கட்டடமும் கட்டாமல், செங்கலும் தூக்காமல், செங்கலைப் பற்றி ஸ்லைடு போடுகிற வேலை.

"அண்ணே, நம்ம ஊர்ல கோடிங் எழுதுறவங்க நிறைய பேரு இருக்காங்க. ஒழுங்கா எழுதுறவங்க யாரு இருக்கா? நாம சேர்ந்து ஒரு பிளாக் ஆரம்பிப்போம். தமிழ்ல. நல்ல நிரல் எப்படி எழுதணும்னு ஆளுக்கு ஒரு கட்டுரை. நீங்க இல்லாம முடியாதுலா."

அந்தக் கடைசி வரியில் விழுந்தேன். இருபத்தைந்து வருடங்களாகக் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதிப் பிழைக்கிறவன் நான். போதாக்குறைக்கு, வாராவாரம் இங்கே உட்கார்ந்து 'பாஸ்வேர்டை மாற்றுங்கள், கண்ட லிங்க்கையும் தொடாதீர்கள்' என்று உங்களுக்குப் புத்தி சொல்கிறவன். நான் இல்லாமல் எப்படி முடியும்?

நாலு பேர் சேர்ந்தோம். தினேஷ், நான், ஜமால், வசந்தி.

ஜமாலின் குடும்பம் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கிறது. அவன் சாப்பாட்டுக் கடைகளுக்கு ஆர்டர் எடுக்கும் ஆப் செய்து கொடுக்கிறான். வசந்தி சிலிம் ரிவர் ஊர்ப்பெண். ஈப்போவில் ஒரு டயாலிசிஸ் சென்டரில் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாம் அவள் ஒருத்திதான். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் அவள், சிஸ்டம் படுத்தாலும் அவள். நாங்கள் கூப்பிடவில்லை, அவளே கேள்விப்பட்டு வந்தாள். "சேகர் அண்ணே இருக்காருன்னா நானும் வாரேன்" என்றாளாம்.

எனக்கு எவ்வளவு பெருமை!

சனிக்கிழமைதோறும் ஜமாலின் கடையில் கூட்டம். முதல் இரண்டு சனிக்கிழமை, பிளாக்குக்குப் பெயர் வைப்பதில் போயிற்று. 'பிளாக்' என்பதா 'வலைப்பூ' என்பதா என்று தினேஷும் ஜமாலும் இரண்டு பிளேட் முர்தபா சாப்பிட்டு முடிக்கும் வரை சண்டை போட்டார்கள். கடைசியில் 'நல்ல நிரல்' என்று பெயர் வைத்தோம். மூன்றாவது வாரம் லோகோ. நாலாவது வாரம், கட்டுரை எழுதுவதற்கான விதிமுறைகள். 'எதையும் சுருக்கமாக எழுது' என்ற விதியை தினேஷ் ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதிக்கொண்டு வந்தான்.

ஒரு விதி மட்டும் எல்லோருக்கும் பிடித்தது. ஒருவர் எழுதும் கட்டுரையை மற்றவர்கள் படித்து, கருத்துச் சொன்ன பிறகுதான் வெளியிட வேண்டும். கருத்துச் சொல்வது என்றால் யாருக்குத்தான் கசக்கும்? எழுதுவதுதானே கஷ்டம்.

அப்படியே ஆயிற்று. ஆண்கள் மூன்று பேரும் எழுதவில்லை. முதல் கட்டுரை வசந்தியிடமிருந்து வந்தது. சென்டரின் பெயரைச் சொல்லாமல், அங்கே ஓடும் பழைய சிஸ்டம் ஒன்றைப் பற்றி எழுதியிருந்தாள்.

விஷயம் இதுதான். நம் மலேசியாவில் இந்தியர்களின் பெயர் எப்படி இருக்கும்? முருகன் ஏ/எல் ராமன். லெட்சுமி ஏ/பி முனுசாமி. இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று நடுவில் ஒரு சாய்ந்த கோடு. அடையாள அட்டையான ஐசியிலிருந்து பள்ளிச் சான்றிதழ் வரை அந்தக் கோடு இல்லாமல் நாம் இல்லை.

அந்த சிஸ்டம் ஒவ்வொரு நோயாளிக்கும் அவர் பெயரிலேயே ஒரு ஃபைல் திறக்கும். ஃபைல் பெயரில் சாய்ந்த கோடு வந்தால் கம்ப்யூட்டர் ஏற்காது. எழுதிய ஆள் என்ன செய்தார்? கோடு வந்த இடத்தோடு பெயரை வெட்டிவிட்டார். முருகன் ஏ. லெட்சுமி ஏ. அவ்வளவுதான். அகமட் பின் யூசோப் முழுசாக இருந்தார். சீனர்கள் முழுசாக இருந்தார்கள். நம்மவர்கள் மட்டும் அப்பன் பெயரை இழந்து, வரிசையாக 'ஏ' என்று நின்றார்கள்.

அப்படியென்றால் ஒரே பெயரில் இரண்டு பேர் வந்தால்? வந்தார்கள். ஆனால் கவுண்டரில் காக் ரோஸ்னா என்று ஒரு மலாய் அக்கா இருந்தார். எல்லோரையும் முகம் பார்த்தே தெரியும். ஒரு லெட்சுமியை ஊரை வைத்து 'லெட்சுமி கோப்பெங்' என்றும், இன்னொரு லெட்சுமியை 'லெட்சுமி கண்ணாடி' என்றும் தன் நோட்டில் எழுதி வைத்து, கம்ப்யூட்டர் சொல்வதைக் கண்டுகொள்ளாமல் வேலையைச் சரியாகச் செய்தார். போன வருடம் ரிட்டயர் ஆனார். நோட்டையும் கொண்டுபோய்விட்டார். புதிதாக வந்த பெண், பாவம், கம்ப்யூட்டரை நம்பிவிட்டாள். காலையில் ஒரு லெட்சுமிக்கு டயாலிசிஸ் நடந்தது. மத்தியானம் வந்த இன்னொரு லெட்சுமியிடம், 'உங்களுக்கு இன்னிக்கு முடிஞ்சிருச்சே' என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

'இத்தனை வருஷமா ஓடினது சிஸ்டம் இல்லை, காக் ரோஸ்னாதான்' என்று கட்டுரையை முடித்திருந்தாள் வசந்தி. கீழே, அந்த வெட்டும் வேலையைச் செய்த நிரலின் படம்.

முடிவெட்டும் கடையில் காத்திருந்தபோது போனில் படித்தேன். ரத்தம் கொதித்தது. அங்கேயே கருத்து எழுதினேன். 'இதை எழுதிய ஆள் நிச்சயமாகத் தமிழனாக இருக்க முடியாது. நம் பெயர் எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாத ஒரு ஜென்மம். கையிலிருந்து கீபோர்டைப் பிடுங்கிக்கொண்டு, மானிட்டர் துடைக்கிற துணியைக் கொடுத்து உட்கார வைக்க வேண்டும்.' திருப்தியாக இருந்தது. முடியும் நன்றாக வெட்டினார்கள்.

படத்தைப் பார்த்தேனா? இல்லை. எழுத்து பொடியாக இருந்தது. பெரிதாக்கிப் பார்க்கச் சோம்பல்.

அந்தச் சனிக்கிழமை ஜமால் லேப்டாப்பைத் திறந்து அந்த நிரலை வரி வரியாகப் படித்தான். திடீரென்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

"மச்சான், இங்க பாரேன்! வடை1, வடை2ன்னு பேரு வச்சிருக்கான். பசியில எழுதினான் போல!"

தினேஷும் சிரித்தான். நான் தே தாரேக் டீயைக் கீழே வைத்தேன்.

விளக்க வேண்டும். நிரல் எழுதும்போது ஒரு கணக்கைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ள ஒரு பெயர் தேவைப்படும். உலகத்தில் எல்லோரும் எக்ஸ், ஒய் என்று வைப்பார்கள். நான் காலேஜ் நாளிலிருந்து வடை என்று வைப்பேன். இந்தத் தொழிலில் நான் அடித்த ஒரே ஜோக் அது.

லேப்டாப்பை என் பக்கம் திருப்பினேன். எட்டு வரி. எல்லாம் என்னுடையது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு, கம்ப்யூட்டர் விற்கும் நண்பர் ஒருவர், 'ஒரு சென்டருக்கு சின்ன வேலை, ஒரே வாரம்' என்று பிடித்து வந்தார். கடைசி நாளில் கம்ப்யூட்டர் பெயரைச் சேமிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. ஐந்து நிமிடத்தில் வெட்டிச் சரிசெய்துவிட்டு, சாப்பிடப் போனேன். இதெல்லாம் இப்போது ஞாபகம் வருகிறது. அந்த சென்டரைத் தினமும் காரில் கடந்து போகிறேன், ஒரு நாள்கூட ஞாபகம் வந்ததில்லை.

வசந்தி ரொட்டியைப் பிய்த்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"புரோகிராம் ஃபைல் தலையிலயே உங்க பேரு இருக்குண்ணே. உங்க நிரலோட நாலு வருஷமா குடித்தனம் பண்றேன். ஆளு எப்படி இருப்பாருன்னு பார்க்கத்தான் வந்தேன்."

ஜமால் மெதுவாகக் கேட்டான். "ஐசி நம்பர்ல ஃபைல் திறந்திருந்தா பிரச்சினையே வந்திருக்காதேண்ணே? ஏன் போடல?"

நல்ல கேள்வி. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். நான் கேட்கவில்லை.

தினேஷ் ஆர்க்கிடெக்ட் அல்லவா, உடனே ஒரு சொல்யூஷன் வைத்திருந்தான். "பிளாக் இன்னும் லான்ச்கூட ஆகல. முதல் கட்டுரையிலேயே நம்ம ஆளு தப்புன்னா பேரு கெட்டுடும். ஒண்ணு செய்வோம். வெளிநாட்டு வெண்டர் எழுதினதுன்னு ஒரு வரி சேர்ப்போம். வடையை எக்ஸ் ஆக்கிடுவோம். போலே? செய்யலாமா?"

"அதுவும் சரிதான்" என்று ஒரு குரல் கேட்டது. யாருடைய குரல்? என்னுடையதுதான்.

வசந்தி கையைத் துடைத்துக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை. "கட்டுரையில ஒண்ணு எழுதல. திருப்பி அனுப்பின லெட்சுமியம்மாவுக்கு மறுநாள் மூச்சு வாங்கி, மூணு நாள் ஆஸ்பத்திரில கிடந்தாங்க. நான் அன்னிக்கு லீவு. வந்து தெரிஞ்சதும் அங்கதான் ஓடினேன். உங்க வெளிநாட்டு வெண்டர் வந்து பார்த்தானாண்ணே?"

கட்டுரையை எடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

போன வாரம் முழுக்க இந்தப் பத்திக்கு உட்கார்ந்தேன். ஒரு வரி எழுதுவேன், அது யாருக்காவது புத்தி சொல்லும். அழிப்பேன். வியாழக்கிழமை வசந்தியைக் கூப்பிட்டேன்.

"கட்டுரையை எடுக்காதே. என் பேரைப் போடு. என் கமென்ட்டையும் அழிக்காதே, அப்படியே இருக்கட்டும். அதுக்குக் கீழே நான் எழுதுறேன், அந்த ஜென்மம் நான்தான்னு."

"நெஜமாவா?"

"நெஜமாத்தான்."

"அப்ப திங்கக்கிழமை சென்டருக்கு வாங்க. எழுதினது போதாது, சரி பண்ணணும்."

பிளாக் அப்படித்தான் லான்ச் ஆனது. எங்கள் முதல் வாசகர் எழுதினார்: 'இதற்குத்தான் வேற கம்ப்யூட்டர் லாங்குவேஜில் எழுத வேண்டும் என்று சொல்கிறேன்.' இரண்டாமவர் அது மட்டமான லாங்குவேஜ் என்றார். பிறகு இரண்டு பேரும் நாள் முழுக்க அடித்துக்கொண்டார்கள். மூன்றாமவர் என் நேர்மையைப் பாராட்டி, வேலை காலி இருக்கிறதா என்று கேட்டார். 'வடை' படத்தை ஸ்டிக்கராக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். எனக்கே நாலு முறை வந்தது. அந்த அம்மா இப்போது எப்படி இருக்கிறார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

தினேஷுக்கு வாயெல்லாம் பல். "அண்ணே, செம ஹிட். இதே மாதிரி இன்னொரு தப்பு ஏதாவது பண்ணியிருக்கீங்களா?"

சென்டரில் இரண்டு நாள் உட்கார்ந்தேன். பெயரை விட்டு, எல்லாவற்றையும் ஐசி நம்பருக்கு மாற்றினோம். நான் எழுதினேன், வசந்தி சரிபார்த்தாள். மூன்று முறை திருப்பி அனுப்பினாள். மூன்றாவது முறை கோபம் வந்தது. அடக்கிக்கொண்டேன்... அந்த இடத்தில் கோபப்பட எனக்கு என்ன தகுதி?

இரண்டாம் நாள் மத்தியானம் லெட்சுமியம்மா வந்தார். கோப்பெங் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். அந்தத் தோட்டம் இப்போது தாமான், வரிசையாக டபுள் ஸ்டோரி வீடுகள். கையில் குழாய் மாட்டி, நாற்காலியில் சாய்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். காரில் வரும்போதே ஒரு பேச்சைத் தயார் செய்திருந்தேன்.

"கம்ப்யூட்டர் செய்யுற ஆளா தம்பி?" என்றார் அவரே.

"ஆமாம்மா. அந்தப் பழைய கம்ப்யூட்டரைச் செஞ்சதும் நான்தான். பேரு மாறிப்போய் உங்களைத் திருப்பி அனுப்பினாங்களே... அது என் தப்பு."

தலையை மட்டும் என் பக்கம் திருப்பினார்.

"அன்னிக்கு மூச்சே விட முடியலப்பா. என் மக கதறிட்டா. நான் போயிட்டேன்னே நெனச்சிட்டா."

தயார் செய்த பேச்சை விட்டுவிட்டேன். "மன்னிச்சிருங்கம்மா" என்றேன். அவர் மெஷின் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டார். நான் நின்றேன்.

வசந்திதான் டேப்லெட்டைக் கொண்டுவந்து காட்டினாள். "இனிமே கொழப்பம் வராதும்மா. இங்க பாருங்க, உங்க முழுப் பேரு. லெட்சுமி ஏ/பி முனுசாமி."

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"முனுசாமி எங்கப்பா இல்லையே."

"ஐசியில அப்படித்தானேம்மா இருக்கு?"

"எங்கப்பா முனியாண்டி. தோட்டத்து ஆபீஸ்ல பேரு எழுதுற கிராணி தப்பா எழுதிக் கொடுத்துட்டாரு. பொறந்ததுலேர்ந்து அப்படியே வந்துருச்சு. யாரு கேட்டா?"

கேட்டதும் எனக்குள் ஒரு நிம்மதி பரவியது பாருங்கள்... அப்பாடா, எனக்கும் முன்னால் இவர் பெயரைக் கெடுத்த ஒருத்தன்! முகத்திலும் தெரிந்திருக்க வேண்டும்.

"என்னண்ணே சிரிப்பு?" என்றாள் வசந்தி.

அந்த நிம்மதியைத் திருத்துகிற நிரல் எங்கள் நாலு பேரிடமும் இல்லை.