மதினியின் அஸ்திரம்

என் மதினியோடு ஆட்டம் ஆடுவதற்குப் பேசாமல் சுவரில் முட்டிக்கொள்ளலாம். இதை இன்றைக்கும் அவர் முகத்துக்கு நேராகவே சொல்வேன்.

பி.யூ.சி.யில் கோட்டைவிட்டு, பந்தல்குடி ரோட்டில் அப்பாவின் மளிகைக் கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து ராத்திரி வரை அவரிடம் ஏச்சு. எப்படியாவது மெட்ராஸுக்கு ஓடிவிட வேண்டும் என்பதுதான் அப்போது என் ஒரே நினைப்பு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடை கிடையாது. அப்பா சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுவார். மிளகாய் வத்தல் மூட்டை அடுக்கும் அறையின் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, நானே ஒரு போர் ஆட்டம் கண்டுபிடித்திருந்தேன். ஆளுக்கு ஒரு வீரன். அவனுக்கு ஒரு புளியங்கொட்டை. தாயக்கட்டையை உருட்டிக் கோட்டைக்குள் போக வேண்டும். விதிகளையெல்லாம் நோட்டில் எழுதிவைத்திருந்தேன். அதில் முக்கியமானது மாயக்கயிறு என்ற அஸ்திரம். ஆட்டத்துக்கு ஒரே ஒரு தடவை, கயிற்றை வீசி எதிரி ஒருவனைக் கட்டிப்போடலாம். அவன் ஒரு சுற்று நகரக் கூடாது.

கயிறு என்று எழுதியிருந்தால், வீசுகிறவர்கள் கயிறு என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? என் தங்கை, எதிரி கண்ணில் வத்தல் பொடியைத் தூவினேன் என்றாள். பக்கத்து வீட்டுச் சிநேகிதன், நரிக்குடியிலிருந்து ஆட்டு மந்தையை ஓட்டி வந்து குறுக்கே விட்டேன் என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டேன். அடுத்து மதினி.

மதினி கல்யாணமாகி வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அண்ணனுக்கு லாரி ஓட்டும் வேலை. வடக்கே லோடு ஏற்றிப் போனால் பத்து நாள் கழித்துத்தான் தலை தெரியும். எங்களுக்கு அம்மா இல்லை. அப்பா இருக்கும் இடத்தில் மதினி வாய் திறக்க மாட்டார். தங்கையும் ஸ்கூல் ஹாஸ்டலிலிருந்து சனி, ஞாயிறுதான் வருவாள். ஆட்டத்தில் உட்கார்ந்தால் மட்டும் மதினிக்குப் பேச்சு அருவியாகக் கொட்டும்.

“வெறும் வயித்தோட போறாகளே. சாப்பிட்டுட்டுப் போகச் சொல்றேன்” என்றார்.

யாரை என்று கேட்டேன். என் வீரனைத்தானாம். எதிரியைப் போய் யாராவது ‘போறாக, வாராக’ என்பார்களா? ஏழு கோட்டை பிடித்த தளபதி, போர்க்களத்தில் சம்மணம் போட்டுச் சாப்பிட உட்காருவானா என்று கத்தினேன். உட்காருவாக என்றார், கொஞ்சமும் அசராமல். இலை போட்டாச்சு, பருப்பும் ஊத்தியாச்சு, பாதியில் எழுந்திருக்க அவுகளுக்கு மனசு வராது என்றார். தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரு சுற்று நிற்க வேண்டும் என்பதுதானே விதி, எதனால் நின்றால் என்ன என்று சிநேகிதன் வேறு அவர் பக்கம் பேசினான். என் வீரன் நின்றான். மதினி கோட்டையைப் பிடித்தார்.

அதற்கப்புறம் வாராவாரம் இதே கூத்து. ஒரு வாரம் என் வீரனுடைய அம்மாவின் மூட்டு வலியை விசாரித்தார். இன்னொரு வாரம் அவன் சட்டை கிழிசலைத் தைக்க உட்கார்ந்தார். எனக்கு ரத்தக் கொதிப்பே வந்துவிடும் போலிருந்தது. இதெல்லாம் ஒரு அஸ்திரமா, இதற்கு எவன் நிற்பான் என்று ஒவ்வொரு வாரமும் சண்டை போட்டேன்.

அப்போதுதான் மெட்ராஸிலிருந்து கடிதம் வந்தது. அங்கே ஓர் அச்சகத்தில் ஆள் எடுக்கிறார்கள், திங்கட்கிழமை காலையில் வந்து நில், தவறினால் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று கூடப் படித்தவன் எழுதியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை இரண்டரை மணிக்கு மதுரை பஸ். அதை விட்டால் ராத்திரி ரயில் கிடைக்காது. மதினியிடம் மட்டும் சொன்னேன்.

அப்பா குறட்டை விட ஆரம்பித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு அடுப்படியைத் தாண்டினேன்.

“வெறும் வயித்தோட போகாதீக தம்பி” என்றார் மதினி.

இலை போட்டிருந்தது. நேரம் இன்னும் இருக்கிறதே என்று உட்கார்ந்தேன். ரசம் கொதிக்கட்டும் என்றார். கொதித்தது. கை கழுவி எழுந்தால், சட்டையில் பட்டன் தொங்குகிறது, போகிற இடத்தில் சிரிப்பார்கள், கழற்றுங்கள் என்றார். கழற்றிக் கொடுத்தேன். எனக்குப் புத்தி எங்கே போயிற்றோ. ஊசியில் நூல் கோக்கவே ஒரு யுகம் ஆயிற்று. ரோட்டில் ஹாரன் கேட்டது. வெற்றுடம்போடு ஓடினேன். புழுதிதான் இருந்தது.

திரும்பி அடுப்படிக்கு வந்தேன். அப்பா எழுந்துவிடுவார் என்பதால் கத்தக்கூட முடியவில்லை. வேண்டுமென்றேதானே செய்தீர்கள் என்று கேட்டேன்.

மதினி நூலைப் பல்லால் கடித்துச் சட்டையை உதறிக் கொடுத்தார். “ஆமா. நீங்களும் போயிட்டா இந்த வீட்டுல நான் யாரோட பேச?”

என் வேலை போயிற்று. என் ஆத்திரம் மட்டும் போகவில்லை. அதற்குள் தங்கை கட்டம் போட்டுவிட்டுக் கூப்பிட்டாள். சட்டையை மாட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

அன்றைக்குப் பார்த்து எனக்குத் தாயமாக விழுந்தது. கோட்டைக்கு ஒரு கட்டம்தான் பாக்கி. மதினி என் வீரனை நிறுத்தவில்லை. உங்கள் அஸ்திரத்தைப் போட வேண்டியதுதானே என்று எரிந்து விழுந்தேன்.

“ஒரு தடவைதான தம்பி விதி” என்றார், தரையைப் பார்த்தபடி. “அதான் போட்டாச்சே.”