என் வேலியில் மாட்டிய பலகை

சூளகிரியைத் தாண்டி, சர்வீஸ் ரோட்டை ஒட்டி எங்களுக்கு ஒரு ஏக்கர் நிலமும் வீடும். பக்கத்தில் தொழிற்பேட்டை வந்த மூன்றாம் வருஷம் போர்வெல் தண்ணீரில் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை வந்தது. என் மனைவிக்குக் கையெல்லாம் தோல் உரிந்தது. நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். ஷிப்டை மாற்றிக்கொண்டு, தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் போய்ப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். குடிக்க லாயக்கில்லை என்று காகிதம் வந்தது.

ரோட்டில் போகிற வேலையாட்கள் எங்கள் தெருக் குழாயில்தான் பாட்டில் நிரப்புவார்கள்; அதில் வருவதும் போர் தண்ணீர்தான். அவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஒரு தகரப் பலகை வாங்கி, "இங்கே போர் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். பரிசோதனையில் கெட்டது என்று வந்திருக்கிறது. கேட்டால் காகிதம் காட்டுகிறேன்" என்று எழுதி, என் வேலியில் மாட்டினேன். எல்லைப் பக்கம் என்பதால் பலகையில் மூன்று மொழி. கன்னடத்தில் எழுதிக் கொடுத்தது என்னோடு வேலை செய்த தளி ஊர்க்காரர். தெலுங்கில் எழுதியது பக்கத்து நிலத்துக்காரர். அவருக்குக் கையெழுத்து அழகு.

பத்தாம் நாள் ஊராட்சி அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். அனுமதி வாங்காத விளம்பரப் பலகையாம். எதிரே ஒரு பிரமுகர் வீட்டுக் காதுகுத்து ஃபிளெக்ஸ் மூன்று ஆள் உயரத்துக்கு நின்றது. அதை அடுத்து மனை விற்பனைப் பலகை. அவற்றுக்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்டேன்.

"அதெல்லாம் உங்களுக்கு எதுக்குங்க? உங்க பலகையைப் பத்தி மட்டும் பேசுங்க" என்றார். கழற்றி வண்டியில் போட்டுக்கொண்டு போனார்.

சரி, அனுமதியே கேட்போம் என்று போனேன். படிவத்தில் 'விளம்பரப்படுத்தும் பொருள்' என்று ஒரு கட்டம். தண்ணீர் என்று எழுதினேன். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது: பொதுமக்களிடையே பீதி ஏற்படுத்தும் வாசகம், நிராகரிக்கப்படுகிறது. அளவு, உயரம், ரோட்டிலிருந்து எத்தனை அடி, ஒன்றையும் அவர்கள் கேட்கவில்லை.

கிருஷ்ணகிரியில் ஒரு பெண் வக்கீல் காகிதங்களைப் படித்துவிட்டு, சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போடச் சொன்னார். இரண்டு வருஷம் இழுத்தது. கடைசி விசாரணைக்கு நான் போயிருந்தேன். இதே பலகையில் 'இளநீர் கிடைக்கும்' என்று எழுதியிருந்தால் கழற்றியிருப்பீர்களா என்று நீதிபதி அரசு வக்கீலைக் கேட்டார். அவர் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. சொந்த நிலத்தில் தனக்குத் தெரிந்த உண்மையை எழுதி வைப்பது பேச்சுரிமை, அது விளம்பரமாகாது என்று ஒரு வரி. பஸ்ஸில் ஊர் வரும்வரை அதையே திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஊராட்சி அலுவலகத்தில் துருப்பிடித்துக் கிடந்த பலகையைத் திரும்ப வாங்கி வந்து மாட்டினேன். மூன்றாம் நாள் காலை பக்கத்து நிலத்துக்காரர் தெருக்காரர் இரண்டு பேரோடு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பெங்களூர் பார்ட்டி எங்க நிலத்தைப் பார்க்க வருதுங்கண்ணா. இதைப் படிச்சா கார்ல இருந்து இறங்கக்கூட மாட்டாங்க."

தெலுங்கு வரி உங்கள் கையெழுத்துதானே என்றேன். அப்போது விற்கிற எண்ணம் இல்லை என்றார், என் முகத்தைப் பார்க்காமல். அவர் மகளுக்கும் கையில் தோல் உரிந்தது எனக்குத் தெரியும்.

தீர்ப்பு நகல் பீரோவில் இருந்தது. அதை எடுத்து வந்து அவரிடம் காட்டி என்ன ஆகப்போகிறது? அதில் உத்தரவு அரசாங்கத்துக்குத்தான். என் மனைவி உள்ளேயிருந்து வந்தாள்.

"கழட்டிடுங்க. நாளைக்கு நாம விழுந்தா தூக்க வர்றது இவங்கதான்."

ஸ்பானர் எடுத்து நானே கழற்றினேன். பலகை விழாமல் ஒரு முனையைப் பக்கத்து நிலத்துக்காரர் பிடித்துக்கொண்டார்.

அவர் நிலத்தை விற்றுவிட்டு ஓசூருக்குக் குடிபோய்விட்டார். அங்கே இப்போது வடநாட்டு வேலையாட்களுக்கு வரிசையாகத் தகரக் கொட்டகைகள், நடுவில் புது போர். போன வாரம் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்த இந்தியில், குடிக்காதே, கெட்ட தண்ணீர் என்றேன். ஓனர் நல்ல தண்ணீர் என்றுதான் சொன்னார் என்றாள். குடம் நிறைந்ததும் தூக்கிக்கொண்டு போனாள்.