ஜெராக்ஸில் வார்டு பார்க்கும் சந்திரகலா

மெஷினுக்குள் பேப்பர் மாட்டிக்கொண்டதும் சந்திரகலா கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றுவிடுவார். கடையில் ஆறு பேர் காத்திருப்பார்கள். ஒருவருக்கு பஸ் கிளம்பும் நேரம், இன்னொருவருக்கு ஆபீசர் எழுந்துபோகும் நேரம். அதெல்லாம் அவருக்குப் பொருட்டில்லை. நர்சிங் விண்ணப்பத்துக்கு நகல் எடுக்க வந்த பெண் யாரென்று பார்த்து, "நீ எடும்மா" என்பார். அது திருதிருவென்று விழிக்கும். "உன்னத்தான். உள்ள மாட்டிகினு இருக்குது பாரு. நீ எப்படி எடுக்கறேனு பாக்கணும்."

அந்தப் பெண் எடுக்கும். இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்து, அவசரப்படாமல், கிழியாமல் உருவினால், நர்சானதும் அதற்குப் பிரசவ வார்டு என்பார் சந்திரகலா. மெஷின் தலையில் ஓங்கி ஒரு குத்து விட்டால் விபத்துப் பிரிவு. "சுவிட்ச் எங்கக்கா?" என்று முதலில் கேட்டால் தீவிர சிகிச்சை. "பாவம், எப்படிச் சுடுது" என்று மெஷினைத் தடவிக்கொடுத்தால் குழந்தைகள் வார்டு. போன வருஷம் ஒரு பெண் உள்ளே குனிந்து மெஷினோடு சமாதானம் பேசவே ஆரம்பித்துவிட்டது. கொஞ்சமும் யோசிக்காமல் அதை மனநலப் பிரிவுக்கு ஒதுக்கினார். தொடவே மாட்டேன் என்று தள்ளி நின்று, பட்டா நகல் எடுக்க வந்த பெரியவரை "நீங்க எடுங்க" என்று ஏவிய பெண்ணும் உண்டு. "அது மேட்ரனா வரும் சார். அதுக்கு எதுக்கு வார்டு?" என்றார் என்னிடம்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ச்சாரியில் இருக்கிறது அவருடைய 'உண்ணாமுலை ஜெராக்ஸ், எஸ்.டி.டி.' கடை. உள்ளே வலதுபக்கம் கண்ணாடிக் கூண்டில் போன், இடதுபக்கம் இந்த மெஷின். மெட்ராசில் யாரோ தலைமுழுகிய மெஷினை எட்டு வருஷத்துக்கு முன்னால் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். நாளைக்கு நாலு தரமாவது மாட்டும். ஒரு தடவை மெக்கானிக் முருகையன் என்னவோ உருளையை மாற்றிப்போட, ஒரு வாரம் மாட்டாமல் ஓடியது. அந்த வாரம் முழுக்க சந்திரகலாவின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. "இது இன்னா சார், தண்ணி மாதிரி ஓடுது. ஒரு பொண்ணு எப்பேர்ப்பட்டதுனு எதை வெச்சு நான் தெரிஞ்சிக்கறது?" என்றார். முருகையனை மறுபடி வரவழைத்து, பழைய உருளையையே போடச் சொல்லிவிட்டார். முருகையன் அன்றிலிருந்து கடை வாசலில் தலைகுனிந்து போகிறார்.

எனக்கு இதில் என்ன வேலை என்றால், நான் எதிரே இருக்கும் ஆபீசில் பச்சை மையில் கையெழுத்துப் போடுகிறவன். நகலெல்லாம் அசலுக்குச் சமம் என்று சான்று கொடுக்க ஒரு ராமகிருஷ்ணன் வேண்டுமே! ஜூன், ஜூலை வந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. பெண்ணும் பெண்ணின் அப்பாவும் வரிசையாக நிற்பார்கள், எல்லாரும் சந்திரகலா அனுப்பியவர்கள். விண்ணப்பத்தைத் திருப்பினால் பின்பக்க மூலையில் பென்சிலில் பொடியாக எழுதியிருக்கும்: பிரசவம், விபத்து, குழந்தை. என்னுடைய பச்சை மையை ஒருவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அந்தப் பென்சில் எழுத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட அப்பாக்களை நானே பார்த்திருக்கிறேன்.

எரிச்சல் தாங்காமல் ஒருநாள் நேராகவே போய்க் கேட்டேன். மூன்று வருஷமும் எல்லாரும் எல்லா வார்டும்தானே படிக்கிறார்கள், தனிப்பிரிவு என்பது அதற்கப்புறம் சமாச்சாரம், சேருவதற்கு முன்னாலேயே நீங்கள் யாரம்மா பிரித்துக்கொடுக்க என்று. அவர் கோபப்படவில்லை. "எல்லாத்தையும் படிக்கட்டும் சார், யாரு வேணாம்னது? கடசில எங்க நிக்கப்போறோம்னு தெரிஞ்சிகினு நடந்தா கால் வலி கம்மி" என்றார். அத்தோடு விட்டாரா, நேரம் பார்த்து மெஷின் மாட்டிக்கொள்ள, என்னையே எடுக்கச் சொன்னார். நான் மெக்கானிக்கைக் கூப்பிடும்படி சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். "சாருக்கு மார்ச்சுவரி" என்று தீர்ப்பு வந்தது. "அங்கதான் கையெழுத்து மட்டும் போட்டா போதும்." கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன், வேறென்ன செய்ய?

வார்டு முடிவானதும் நர்சிங் பள்ளிக்கூடம் பார்க்க வேண்டும். அதற்கு மெஷின் உதவாது, போன்தான். கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தானே பெண்ணின் அம்மா என்று சொல்லி, ஒவ்வொரு பள்ளியின் விடுதிக்கும் போன் போடுவார். எத்தனை மணி அடித்து எடுக்கிறார்கள் என்று விரலை மடக்கி எண்ணுவார். எட்டுக்கு மேல் போனால் அந்தப் பள்ளி தள்ளுபடி. "போனையே எடுக்காதவங்க, பேஷண்ட்டு கூப்ட்டா எழுந்து போவாங்களா?" எடுத்துவிட்டால் ஒரே கேள்விதான் கேட்பார். எங்க பொண்ணு தூக்கத்துல எழுந்து நடக்கும், பரவாயில்லையா என்று.

ஒரு வார்டன் அப்படிப்பட்ட பெண்ணைச் சேர்க்க முடியாது என்று வைத்துவிட்டார். இன்னொருவர், கேட்டுக்குப் பூட்டு உண்டு, எவ்வளவு வேண்டுமானாலும் நடக்கட்டும் என்றாராம். அந்தப் பள்ளிக்கு, பாதியில் ஓடிவரக்கூடிய பெண்களாகப் பார்த்து அனுப்புகிறார். வேலூர்ப் பக்கம் ஒரு வார்டன் மட்டும், "எவ்ளோ தூரம் நடக்கும்? நடக்கும்போது கூப்ட்டா திரும்பிப் பாக்குமா?" என்று கேட்டாராம். சந்திரகலா கூண்டிலிருந்து வெளியே வந்தபோது கண் கலங்கியிருந்தது. "விசாரிச்சுது பாருங்க சார். அது பள்ளிக்கூடம்."

இத்தனைக்கும் இவர் சொன்னது பலிக்கிறதா என்றால், சிலது பலிக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். செங்கம் பக்கத்துப் பெண் எழிலரசி, மெஷினைக் குத்திய குத்தில் மேல்கண்ணாடியில் கீறலே விழுந்தது. இப்போது சென்னையில் விபத்துப் பிரிவில் இருக்கிறது. பொங்கலுக்கு வந்தபோது கீறலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது. தென்றல் என்ற பெண்ணுக்குக் குழந்தைகள் வார்டு சொல்லியிருந்தார். குழந்தை அழுகிற சத்தம் கேட்டால் தலை வெடிக்கிறது, வயசானவர்களிடம் மாற்றிக்கொண்டேன் அக்கா என்று அது எழுதிய கடிதத்தை என்னிடம் காட்டினார். தவறு எங்கே என்று கேட்டேன். சற்றும் தயங்காமல், "அன்னிக்கு மெஷின்ல டோனர் மை கம்மி சார்" என்றார்.

இவருக்கு எதற்கு இந்தப் பிழைப்பு என்று எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. ஒரு மழை நாளில் கரண்டு போய், மெஷினும் கூண்டும் செத்துக் கிடந்தபோது அவரே சொன்னார். எழுபத்தெட்டில் அவருக்கு நர்சிங்கில் இடம் கிடைத்து, வெள்ளைச் சேலையெல்லாம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். பதினோராம் நாள் பெட்டியோடு திரும்பிவிட்டார். காரணத்தைக் கேட்டால் நீங்கள் நம்பமாட்டீர்கள். "எனக்கு பயம் வந்தா சிரிப்பு வரும் சார். சின்ன வயசுலருந்தே அப்படித்தான். மொதல் மொதல்ல ஆபரேஷன் முடிஞ்சவங்க வார்டுல கொண்டுபோய் வுட்டாங்க. ஒருத்தர் வலில கத்துறாரு, நான் சிரிக்கறேன். அடக்க அடக்க ஜாஸ்தியாகுது. அவரு சம்சாரம் என்னைப் பாத்த பார்வை இருக்குதே..." அடுத்தவர் வலியில் சிரிக்கிறவள் நர்சாக லாயக்கில்லை என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். போகும் முன்னால் ஒருத்தராவது நீ எப்படிப்பட்டவள் என்று பார்த்துச் சொல்லியிருக்கக் கூடாதா என்பது அவருடைய இருபத்தோரு வருஷத்துக் கேள்வி. அன்றைக்கப்புறம் பென்சில் எழுத்தைப் பார்த்து நான் முணுமுணுப்பதை நிறுத்திக்கொண்டேன்.

இந்த வருஷம் அவருடைய மகள் வேதா பன்னிரண்டாவது முடித்தாள். அவளும் நர்சிங்தான் படிப்பேன் என்றாள். வேலூர்ப் பக்கத்துப் பள்ளியின் விண்ணப்பம் மேஜை டிராயரில் வந்து உட்கார்ந்தது. ஊர்ப் பெண்களுக்கெல்லாம் வார்டு பார்த்தவருக்குச் சொந்தப் பெண்ணுக்குப் பார்க்க முடியவில்லை.

ஏன் முடியவில்லை என்றால், வேதா அந்த மெஷினோடு வளர்ந்தவள். ஒன்பது வயசிலிருந்து பேப்பர் எடுக்கிறாள். போனில் யாருக்கோ நம்பர் போட்டுக்கொண்டே இடதுகையால் கதவைத் திறப்பாள், பேப்பரை இறுக்கிப் பிடித்திருக்கும் உருளையை முதலில் தளர்த்துவாள், பேப்பரை உருவுவாள், மூடிவிட்டுப் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டுவாள். மெஷின் ஓடும். "அது பழக்கம் சார், கொணம் இல்ல. மீன்குஞ்சுக்கு நீச்சல் பரிச்ச வெக்க முடியுமா?" என்று சந்திரகலா அலுத்துக்கொண்டார்.

வேறு பரீட்சைகள் வைத்தார். பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் தண்ணீர்ப் பந்தலுக்கு அனுப்பினார். எல்லாருக்கும் ஒரே மாதிரி தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தாளாம், அதிலிருந்து என்ன தெரியும்? கடைசியில் ஒரு நாள், கடையில் ஆள் இருக்கும்போதே மயங்கி விழுந்து காட்டினார். நான் அங்கே இருந்தேன், பதறிப்போய் எழுந்துவிட்டேன். வேதா திரும்பிப் பார்த்தாள். மெஷினில் இருந்த ரேஷன் கார்டை நகல் எடுத்து முடித்து, வந்தவர் கையில் கொடுத்துவிட்டு, அப்புறம் சொம்பை எடுத்துக்கொண்டு நிதானமாக வந்தாள். சந்திரகலாவுக்கு அதற்குமேல் படுத்திருக்க முடியவில்லை. "பெத்தவ வுழுந்து கெடக்கறேன், உனக்கு ரேஷன் கார்டா?" என்று எழுந்து உட்கார்ந்தார்.

"வுழும்போது சேலைய ஒதுக்கிகினு வுழுந்தியேம்மா" என்றாள் வேதா.

எந்த வார்டில் இதைச் சேர்ப்பது என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

விண்ணப்பம் திங்கட்கிழமை வேலூர் போய்ச் சேர வேண்டும். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் பதிவுத் தபாலில் போட்டால்தான் உண்டு, தவறினால் ஒரு வருஷம் போச்சு. வியாழக்கிழமை சாயங்காலம் சந்திரகலா என் ஆபீசுக்கு வந்தார். எப்போதும் நான்தான் அங்கே போவேன். மேஜைக்கு முன்னால் நின்று, உட்காரச் சொல்லியும் உட்காராமல் கேட்டார்: "எனக்கு ஆன மாதிரி அவளுக்கும் ஆயிட்டா, சார்?"

அப்படியே ஆனாலும் என்ன, வீட்டுக்குத்தானே திரும்பி வருவாள் என்றேன். அறிவுகெட்ட பதில். திரும்பி வந்த வீட்டில் இருபத்தோரு வருஷம் எப்படி இருந்தார் என்று தெரிந்தும் அதைச் சொன்ன என் வாயை என்ன செய்வது? அவர் திரும்பிப் படியிறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் இரண்டு மணிக்கு அம்மாவும் மகளும் வந்தார்கள். பச்சை மையில் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டேன். வழக்கம்போல விண்ணப்பத்தைத் திருப்பிப் பார்த்தேன். மூலை வெள்ளையாக இருந்தது. பென்சில் கொண்டுவரவில்லையா என்று கேட்டேன். "பென்சில் இருக்குது சார். எழுத ஒண்ணும் வரல" என்றார். இன்லண்டு லெட்டர் வாங்க வேண்டும் என்று ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டு நானும் கூடவே தபால் ஆபீசுக்கு நடந்தேன்.

ஜன்னலுக்கு அந்தப்பக்கம் தபால் குமாஸ்தா மூர்த்தி. எதையும் ஒரு முறைக்கு மேல் சொல்லமாட்டார். கவரைக் கேட்டுக் கையை நீட்டினார். சந்திரகலாவும் நீட்டினார். அவர் ஒரு முனையைப் பிடித்தார், இவர் மறுமுனையை விடவில்லை. விடும்மா என்றார் மூர்த்தி. அப்போதுதான் சந்திரகலாவுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் தோள் குலுங்கியது, அப்புறம் சத்தமாக, கண்ணில் நீர் வழிய, நிற்காமல் சிரிக்கிறார். மூர்த்தி தன் சட்டையைக் குனிந்து பார்த்தார், பட்டன் சரியாகத்தான் இருந்தது. "இன்னாம்மா, என்னைப் பாத்தா இளிப்பா இருக்குதா?" என்று முகம் சிவந்தார். வரிசையில் நின்றவர்களுக்கும் தொற்றிக்கொண்டு நாலு பேர் சிரித்தார்கள். அந்த இடத்தில் அது என்ன சிரிப்பு என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். நான் ஒன்றும் செய்யத் தோன்றாமல் மரம் மாதிரி நின்றேன். மார்ச்சுவரி என்று சும்மாவா சொன்னார்?

மணி மூன்றாக நாலு நிமிஷம். மூர்த்தி கவரை வெடுக்கென்று இழுத்தார். ஓரம் மடங்கியது.

"நீங்க இழுக்காதீங்க சார்" என்றாள் வேதா. "மொதல்ல நீங்க வுடுங்க."

சொன்ன குரலில் என்ன இருந்ததோ, மூர்த்தி விட்டுவிட்டார். வேதா அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள். இடதுகையால் மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டாள். இறுகியிருந்த கட்டைவிரலைத் தளர்த்தினாள். அது தளரும்வரை காத்திருந்தாள். பிறகு இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்து, அவசரப்படாமல் உருவினாள். கவர் கிழியாமல் வந்தது. மூர்த்தி எடை பார்த்து, முத்திரை குத்தி, ரசீதை நீட்டினார்.

சந்திரகலா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். காலிக் கை விரிந்தபடியே ஜன்னலில் கிடந்தது. வேதா ரசீதைப் பல்லில் கடித்துக்கொண்டு, அந்தக் கையின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். மூடிவிட்டு, அம்மாவின் விலாப்பக்கம் மெதுவாக இரண்டு தட்டு தட்டினாள்.