நாலாவது வரி

பாகூரில் போட்டித் தேர்வுக்கு வகுப்பெடுக்கிறேன். பயிற்சிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்து விடையை முதலிலேயே பார்த்துவிட்டு, யோசிப்பதுபோல் நடிப்பது என் வழக்கம்.

ஒருநாள் பாடம், முதலாளி வீட்டில் சாப்பிட்ட கூலியாள் ஒருவர் எழுதிய பத்தி. அவர் உணர்வு என்ன? நன்றி, பெருமை, பயம், அருவருப்பு. கடைசிப் பக்கத்தில் 'நன்றி' என்றிருந்தது. பலகையில் மற்ற மூன்றையும் அடித்தேன்.

திருபுவனை கம்பெனியில் வேலை முடித்து வரும் செல்வி எழுந்தாள். "சார், சோத்துல புழு நெளிஞ்சிச்சினு நாலாவது வரில இருக்குதே. இதுல இன்னா சார் நன்றி? அருவருப்புதான்."

"கம்பெனி சோறு தின்னு புத்தி மழுங்கிப்போச்சா?" என்றேன். வகுப்பே சிரித்தது. பையை எடுத்துக்கொண்டு போனவள் திரும்ப வரவேயில்லை.

அவள் போனபிறகுதான் பத்தியைப் படித்தேன். நாலாவது வரியில் புழு இருந்தது. பார்க்காமலே விழுங்கியவன் நான். அவளுக்கும் ஊட்டப் பார்த்திருக்கிறேன்.