கடைசிப் பெட்டியால் வந்த நான்கு நிமிடம்

சரக்கு ரயிலின் வாலில் கூண்டு மாதிரி ஒரு பெட்டி ஆடிக்கொண்டே போகுமே, அதில் கொடியோடு நிற்கும் கார்டு நான். வண்டி முழுசாக வருகிறதா என்று பார்ப்பதும், கிளம்பலாம் என்று டிரைவருக்குச் சொல்வதும் என் வேலை. இப்போது எங்களுக்கு ரயில் மேனேஜர் என்று பெயர். பெயரை மாற்றியவர்கள் பெட்டியை மாற்றவில்லை. விளக்கு கிடையாது, ஃபேன் கிடையாது, கழிப்பறையும் கிடையாது. ஆண்கள் வண்டி நின்றதும் இறங்கித் திரும்பி நின்றுகொள்வார்கள். நான் எந்தப் பக்கம் திரும்புவது?

அன்று காட்பாடி தாண்டி, ஆம்பூருக்கு முன்னால் ஒரு சின்ன ஸ்டேஷனில் எங்களை ஓரங்கட்டினார்கள். எக்ஸ்பிரஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. இரண்டரை மணி நேரம். எஞ்சின் ஸ்டேஷன் வாசலில் நின்றது. என் பெட்டி வெகுதூரம் பின்னால், தோல் தொழிற்சாலைக் கழிவு ஓடும் கால்வாய் ஓரம். மறைவுக்கு ஒரு முள்செடிகூட இல்லை. அடிவயிறு வலி தாங்கவில்லை. டிரைவரிடம் வாக்கி டாக்கியில் சொல்லிவிட்டு, எதிரே தெரிந்த வீட்டுக்கு ஓடினேன். கழுத்தில் ஷூ கம்பெனி அட்டையோடு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு பெண் கதவைத் திறந்தாள்.

"இன்னாக்கா, ரயில நிறுத்திட்டா வந்த?" என்று சிரித்துவிட்டு, வாளியில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள்.

நான் உள்ளே இருக்கும்போதே சிக்னல் போட்டுவிட்டார்கள். வண்டி கிளம்ப நான்கு நிமிடம் தாமதம். காரணம் கேட்டு மெமோ வந்தது.

பெட்டியில் கழிப்பறை இல்லாததால் என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு தடவையாவது அந்த வார்த்தை அவர்கள் ஃபைலில் ஏறட்டும் என்றிருந்தேன். அதிகாரி மரியாதையான மனிதர்தான். உட்காரச் சொன்னார். படித்துவிட்டுத் தாளை என் பக்கமே தள்ளினார்.

"இத மேல அனுப்ப முடியாதும்மா. உடம்பு சரியில்லன்னு எழுதிக் குடுங்க, முடிஞ்சிடும்."

எழுதாவிட்டால் சார்ஜ் ஷீட் என்பதை அவர் சொல்லவில்லை. எனக்கே தெரியும். எழுதிக் கொடுத்தேன். என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

அதோடு முடியவும் இல்லை. உடம்பு சரியில்லாதவளை வண்டியில் ஏற்ற முடியாது என்று மருத்துவச் சோதனைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு நர்ஸ் சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் கையில் கொடுத்து, டைல்ஸ் பதித்த கழிப்பறையைக் காட்டினார்.

"மெதுவா போய்ட்டு வாங்க மேடம். அவசரமில்ல."

பதினோரு வருட வேலையில் என்னிடம் இதைச் சொன்ன முதல் ஆள் அவர்தான். உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். ஆத்திரம்தான் வந்தது.