நான் அழித்த பெயர்

பதினொரு வருஷமாக ஒரே பெயரை நான் தினமும் அழித்துக்கொண்டிருந்தேன். அதற்கு எனக்குச் சம்பளமும் கொடுத்தார்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் என்னை நல்லவன் என்று நினைத்துவிடக் கூடாது.

நான் ஒரு நாளிதழில் துணை ஆசிரியர். நிருபர்கள் எழுதி அனுப்புவதைத் திருத்தி, தலைப்பு வைத்து, பக்கத்துக்கு அனுப்புவது என் வேலை. செய்திக்கு மேலே எழுதியவர் பெயர் வருமே, அதை நாங்கள் பைலைன் என்போம். எங்கள் பத்திரிகையில் நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும்தான் அது. ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் தலைகீழாக நின்று எழுதினாலும் ‘நமது நிருபர்’தான். பதினொரு மாதம் ஒரு ஒப்பந்தம், ஒரு மாதம் இடைவெளி, பிறகு இன்னொரு பதினொரு மாதம். பெயரைப் போட்டுவிட்டால் நாளைக்கு யாராவது பழைய இதழ்களைக் கட்டோடு தூக்கிக்கொண்டு போய், இத்தனை வருஷம் இங்கேதான் உழைத்தேன் என்று நீதிமன்றத்தில் நின்றுவிடுவார்கள் அல்லவா? நிர்வாகத்துக்கு அவ்வளவு முன்யோசனை.

நான் அழித்த பெயருக்கு உரியவள் ஒரு ஒப்பந்த நிருபர். மருத்துவமனை, குடிநீர், சாலை என்று மற்றவர்கள் தொட விரும்பாத எல்லாம் அவள் தலையில். வேலைக்கு வந்த முதல் நாள் செய்திக்கு மேலே தன் பெயரைத் தட்டி அனுப்பியிருந்தாள். நான் அழித்துவிட்டு விதியைச் சொன்னேன். “சரிண்ணே” என்றாள். மறுநாளும் பெயர் இருந்தது. அதற்கு மறுநாளும் இருந்தது. ஒரு மாதம் கழித்துத்தான் இது மறதியில்லை என்று எனக்கு உறைத்தது.

“ஏம்மா, தினமும் எனக்கு ஒரு வேலை வெக்கறே?”

“என்னைக்காவது ஒரு நாள் நீங்க மறந்துட மாட்டீங்களான்னுதாண்ணே.”

நான் மறக்கவில்லை. காய்ச்சலோடு வந்த நாளில்கூட என் கை அந்த வரிக்குத் தானாகப் போனது. எங்கள் படக்காரர், அதாவது புகைப்படம் எடுப்பவர், அவளுக்கு ‘நமது’ என்று பட்டப்பெயர் வைத்தார். அது அலுவலகம் முழுக்க ஒட்டிக்கொண்டது. நமது வந்தாச்சா, நமதுவுக்கு ஒரு டீ சொல்லு என்று கூப்பிடுவார்கள். அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள். அந்தச் சிரிப்பு உதட்டைத் தாண்டியதில்லை. அதைக் கவனித்தவன் நான், கவனித்துவிட்டுச் சும்மா இருந்தவனும் நானேதான்.

அவள் கேட்டதெல்லாம் தன் பெயர் அச்சில் வர வேண்டும், அதுவும் அவள் அப்பா பார்க்கும்படி. அப்பா பேருந்து நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு இரண்டு பேரும் ஒரு மாடி வீட்டில் இருந்தார்கள். அவர் காலையில் ஜன்னல் ஓரமாக நாற்காலியைப் போட்டு, பூதக்கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் பேப்பரை முதல் எழுத்திலிருந்து அச்சக முகவரி வரைக்கும் படிப்பார். ‘நமது நிருபர்’ என்று போட்ட செய்திகளில் மகள் எழுதியது எது என்று கண்டுபிடிப்பது அவருக்கு அன்றாட வேலை. பெரும்பாலும் தப்பாகத்தான் சொல்வார்.

“நேத்து கோழி விலைச் செய்திய என்னுதுன்னு பக்கத்து வீட்ல எல்லாம் சொல்லியிருக்காரு” என்று ஒரு நாள் என்னிடம் சொன்னாள்.

“நீ இல்லேன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“என்னத்தச் சொல்றது. ஆமாப்பான்னுட்டேன்.”

அந்தக் கோழி விலைச் செய்தியை எழுதியவனுக்கு இரண்டு வரி சேர்த்து எழுத வராது. எனக்கே கோபம் வந்தது.

பிறகு அவர் கண்ணில் கோளாறு. டாக்டர் பரிசோதித்துவிட்டு, ஓரப் பார்வை இருக்கும், நடுப் பார்வை போய்விடும், எதிரே ஆள் நிற்பது தெரியும், எழுத்து தெரியாது என்றார். எவ்வளவு நாளில் என்று கேட்டதற்கு, மூன்று நான்கு மாதம் என்று கையை விரித்தார். இதை அவள் என்னிடம் சொன்னபோது குடிநீர்க் குழாய் உடைப்பைப் பற்றிச் சொல்கிற அதே குரலில் சொன்னாள். அன்றைக்கும் அவள் அனுப்பிய செய்தியின் மேலே பெயர் இருந்தது. அதையும் அழித்தேன்.

சங்கம் ஆரம்பித்தது அந்த மாதத்தில்தான். பழைய இதழ்களைக் கட்டி அடுக்கியிருக்கும் அறையில், தும்மிக்கொண்டே முதல் கூட்டம் நடந்தது. படக்காரர் செயலாளர். நிரந்தரம் இருபத்திரண்டு பேர், ஒப்பந்தம் முப்பத்தொரு பேர். கோரிக்கைகள் மூன்று: மூன்று வருஷம் வேலை பார்த்த எல்லோரையும் நிரந்தரமாக்க வேண்டும், நோய் வந்தால் மருத்துவச் செலவுக்குக் காப்பீடு வேண்டும், எழுதியவர் பெயர் செய்தியில் வர வேண்டும். தாளில் மூன்றாவது கையெழுத்து அவளுடையது. என்னுடையது நாற்பத்தேழாவது. எனக்கு முன்னால் நாற்பத்தாறு பேர் போட்டுவிட்டார்களா என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் போட்டேன்.

நிர்வாகம் காது கொடுக்கவில்லை. வாய் கிழியப் பேசிய பேச்சுவார்த்தைகள் நான்கும் பிஸ்கட்டோடு முடிந்தன. அப்போதுதான் படக்காரர் அந்த யோசனையைச் சொன்னார்.

“அவங்களுக்குப் பேரு இல்லேன்னா நமக்கும் வேண்டாம். ஏழு நாளைக்கு நம்ம பேர எடுத்துடலாம். வேலையெல்லாம் ஒழுங்கா செய்வோம், பேரு மட்டும் தர மாட்டோம்.”

இருபத்திரண்டு பேரும் எழுதிக் கொடுத்தார்கள். திங்கட்கிழமை பேப்பர் முழுக்க, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும், நமது நிருபர், நமது நிருபர், நமது நிருபர். பார்ப்பதற்கே விநோதமாக இருந்தது. காலையிலேயே செய்தி சேகரிக்கக் கிளம்பிவிட்ட அவளுக்கு எட்டு மணிக்கு அப்பா ஃபோன் செய்துவிட்டார்.

“ஏம்மா, இன்னைக்கு எல்லாமே நீதானா? விளையாட்டு நீ, வெளிநாடு நீ, சினிமாவும் நீ. ஒரு ஆளு எத்தனை எடத்துக்குத்தான் ஓடுவே?”

இதைச் சொல்லிவிட்டு அவள் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். அந்த ஒரு தடவைதான் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்திருக்கிறேன்.

புதன்கிழமை மதியம் ஆசிரியர் அவளைக் கூப்பிட்டார். அவள் இரண்டு மாதமாக ஓடி ஓடிச் சேகரித்த ஒரு செய்தி முடிந்திருந்தது. அரசு மருத்துவமனையில் ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரங்கள் ஆறில் நான்கு, ஏழு மாதமாகத் துணி போர்த்திக் கிடக்க, நோயாளிகள் வராந்தாவில் முறைக்காகக் காத்துக் கிடந்தார்கள். யார் பார்த்தாலும் முதல் பக்கத்துக்கான செய்தி.

பத்து நிமிஷத்தில் வெளியே வந்தவள் நேராக என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள்.

“நாளைக்கு முதல் பக்கமாம். பேரோட போடறேங்கறாரு.”

“பேரோடயா?”

“நிரந்தர ஆர்டரும் கையில இருக்கு. காட்டினாரு. எனக்கு மட்டும். நாலு மணிக்குள்ள சொல்லணும்.”

எனக்குப் புரிந்துவிட்டது, அவளுக்கும் புரிந்துதான் இருந்தது. ஒரு பேப்பர் முழுக்க யார் பெயரும் இல்லாதபோது ஒப்பந்த நிருபர் ஒருத்தியின் பெயர் மட்டும் வந்தால் அத்தோடு கதை முடிந்தது. ஒப்பந்த ஊழியர்களுக்கே குறை இல்லையே, நீங்கள் யாருக்காகக் கொடி பிடிக்கிறீர்கள் என்று நிர்வாகம் கேட்கும். மீதி முப்பது பேரும் அம்போ.

“போட்டுக்கோம்மா” என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“மனசாரச் சொல்றேன். அப்பா கண்ணுக்கு இருக்கறது இன்னும் ரெண்டு மாசம். யாரும் ஒன்னைத் தப்பா நெனக்க மாட்டாங்க. அப்படி நெனச்சா நான் பேசிக்கறேன்.”

“நீங்க அழிக்காம விட்டுடுவீங்களாண்ணே?”

கேலியாகத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மூன்று ஐம்பதுக்கு செய்தி என் திரைக்கு வந்தது. மேலே பார்த்தேன். பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக அவள் பெயர் அங்கே இல்லை. அவளே, அவள் கையாலேயே, நமது நிருபர் என்று தட்டியிருந்தாள். எங்காவது பெயர் ஒளிந்திருக்கிறதா என்று நான் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் பைத்தியக்காரன் மாதிரி தேடினேன்.

எழுந்து போனேன். தாழ்வாரத்தில் தண்ணீர்க் குழாய் பக்கம் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றாள்.

“என்னம்மா இது?”

“என் பேரு மட்டும் தனியா அங்க நிக்கறத நெனச்சுப் பாத்தேண்ணே. நல்லாவே இல்ல.” முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “ஆனா ஆசையா இருந்துச்சு. இப்பவும் ஆசையாத்தான் இருக்கு. அவரு கண்ணாடிய வெச்சுக்கிட்டு அத எழுத்துக் கூட்டிப் படிக்கறத எத்தனை வருஷமா நெனச்சுப் பாத்திருக்கேன் தெரியுமா?”

அந்தச் செய்தி மறுநாள் எட்டாம் பக்கத்தில், விளம்பரத்துக்குக் கீழே வந்தது. பழிவாங்குவதென்றால் எங்கள் நிர்வாகம் அளவெடுத்துச் செய்யும்.

அவள் அப்பாவிடம் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறாள். நான் எதிர்பார்த்தது வேறு. பேருந்துத் தொழிலில் இருந்தவர், வேலைநிறுத்தமெல்லாம் பார்த்தவர், மகளைத் தட்டிக்கொடுப்பார் என்று நினைத்தேன். அவர் இரண்டு நாள் அவளோடு பேசவே இல்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது, “எனக்காக ஒரே ஒரு நாள் போட்டிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்?” என்று கேட்டாராம். அவள் தட்டைக் கழுவ எழுந்து போய்விட்டாளாம்.

ஏழு நாள் முடிந்தது. அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால் போதும், அவ்வளவும் இழுபறி. அவளுடைய ஒப்பந்தம் முடிந்தபோது புதுப்பிக்கவில்லை. ஐந்து மாதம் அவள் அலுவலக வாசலுக்கு வெளியே கோரிக்கை எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே போகும்போது நான் தலையைக் குனிந்துகொண்டு போவேன். பிறகு ஒரு நாள் குனிய முடியவில்லை, நானும் போய் அவள் பக்கத்தில் நின்றேன். அடுத்த நாள் ஒன்பது பேர் நின்றார்கள், அதற்கடுத்த வாரம் வேலைக்கு ஆள் இல்லாமல் பேப்பர் நான்கு பக்கத்தோடு வந்தது. தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் கையெழுத்தாகும்போது, யார் பெயரும் இல்லாத அந்தத் திங்கட்கிழமைப் பேப்பர் வந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. முப்பத்தொரு பேரும் நிரந்தரம். காப்பீடு. எழுதியவர் பெயர்.

அதற்குள் அவள் அப்பாவின் நடுப் பார்வை போய்விட்டிருந்தது.

திரும்பி வேலைக்கு வந்த அன்று அவள் எழுதியது ஒரு சின்னச் செய்தி, இடிந்த நடைபாதையைப் பற்றி. அவள் மேலே பெயர் போடாமல் விட்டிருந்தாள், கூச்சமோ என்னவோ. நானே தட்டினேன். அந்தப் பெயரை அழித்துப் பழகிய நான், முதலில் ஓர் எழுத்தைத் தப்பாகத் தட்டித் திருத்தினேன்.

மறுநாள் காலை ஆறரைக்கு ஃபோன். “அண்ணே, வீட்டுக்கு வர்றீங்களா? எனக்கு என்னமோ மாதிரி இருக்கு.”

போனேன். பெரியவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். அவள் பேப்பரை அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை முகத்துக்கு நேரே பிடித்தார், தலையைச் சாய்த்து ஓரக் கண்ணால் பார்த்தார், மறுபக்கம் சாய்த்தும் பார்த்தார். பிறகு மடித்து நீட்டினார்.

“நீயே படிம்மா.”

அவள் படித்தாள். கல் பெயர்ந்த இடம், விழுந்து அடிபட்டவர்கள், அதிகாரியின் பதில். முடித்ததும் அவர், “யாரு எழுதினதுன்னு விட்டுட்டியே” என்றார்.

அவள் வாயைத் திறந்தாள். ஊரார் பெயரையெல்லாம் கூச்சமில்லாமல் கேட்டு எழுதுகிறவளுக்குத் தன் பெயர் வரவில்லை. பேப்பரை என் பக்கம் நீட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் படித்தேன்.

பெரியவர் கேட்டுக்கொண்டார். பிறகு அவள் இருக்கும் திசையை உத்தேசமாகப் பார்த்து, “அன்னைக்கே போட்டிருந்தா நானே படிச்சிருப்பேன்” என்றார். கோபமெல்லாம் இல்லை.

“ஆமாப்பா” என்றாள் அவள்.

“எத்தனை பேருக்கு வேல நெலச்சுது?”

“முப்பத்தொரு பேருப்பா. என்னையும் சேத்து.”

“முப்பத்தொரு பேரு” என்று அவரும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். அது போதும் என்று அவர் சொல்லவில்லை. “தம்பி, அந்தப் பேர இன்னொரு தடவை படிங்க” என்றார்.